கொக்குவிலில் ஓடிய ஆறு

வைகாசி பிறந்ததிலிருந்து தெல்கஸ்தென்னைத் தோட்டத்தில் பால் வெட்டு ஒழுங்காக நடக்கவில்லை. ரப்பர் மரத்துக்கு மழை ஆகாது. பட்டை நனைந்திருந்தால் வெட்டின பால் சிரட்டைக்கு வராது, மரத்தோடு வழிந்து மண்ணுக்குப் போகும். விடிய ஐந்தரைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் ஆட்கள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்பார்கள். கங்காணி முதல் மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். எல்லாரும் வந்த வழியே லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்புவார்கள். 2008ஆம் ஆண்டு மழை அப்படித்தான் பெய்தது.

நான் அந்தத் தோட்டத்து ஆபீசில் இளைய கிளாக்கர். என் அப்பாவும் அதே மலையில் பால் வெட்டினவர்தான். உயர்தரம் படித்துச் சப்பாத்துப் போட்டவன் என்பதால் லயத்தில் யாருக்கு எந்தக் கடுதாசி வந்தாலும் என் தலையில்தான் விழும். மரணச் சான்றிதழ், அடையாள அட்டை விண்ணப்பம், ஆஸ்பத்திரித் துண்டு என்று சனம் வந்துகொண்டே இருக்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் யாரும் வராத நாளில் அதைவிட எரிச்சலாக இருக்கும்.

அந்தப் புதன்கிழமை காலை அழகம்மாக்கா வந்தபோது கையில் கடுதாசி எதுவும் இல்லை. நனைந்த கொங்காணிச் சாக்கை வாசலில் உதறக்கூட இல்லை, அப்படியே உள்ளே வந்தார்.

"கிளாக்கர் தம்பி, எம்மவன் யோகராச புடிச்சிட்டாங்களாம் தம்பி."

"யாரு புடிச்சா?"

"பொலிசுல. நேத்து அந்தியில சாவடியில பஸ்ஸ நிப்பாட்டி எல்லாரையும் எறக்கிப் பாத்தாங்களாம். எல்லாரையும் ஏத்திட்டு இவன மட்டும் நிப்பாட்டிக்கிட்டாங்களாம். நம்ம ஆட்டோக்கார நிலாம் நானா கண்ணால பாத்துட்டு வந்து சொல்றாரு. ரெண்டு நாள் லீவுல வந்தான் தம்பி. ஒரு வார்த்த போன்ல சொல்லி இருந்தா வராதடான்னு சொல்லி இருப்பேன்."

கொழும்பில் பஸ்ஸிலும் ரயிலிலும் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். தமிழ்ப் பெயரோடு வீதியில் நடப்பதற்கே ஆயிரம் கேள்வி. போதாததற்கு யோகராஜிடம் அடையாள அட்டை இல்லை. பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் ஐயாவு என்பதை யாரோ ஐயாத்துரை என்று எழுதிவைத்த பிழையைத் திருத்த ஒன்றரை வருடமாக நானே கேகாலைப் பதிவு ஆபீசுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பத்தொன்பது முடிந்து இருபது நடக்கிறது. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் இரண்டு வருடமாக வேலை செய்தான்.

"பயப்படாதீங்கக்கா. தொரகிட்ட கடிதம் எழுதி வாங்கிக்கிட்டுப் போனா விட்டுருவாங்க" என்றேன். அப்படித்தான் நானும் நம்பினேன்.

தோட்டத்துத் துரை நெற்றியைச் சுருக்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஐயாவு அண்ணன் தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அழகம்மாக்கா ரொட்டியும் கட்டச்சம்பலும் வாழையிலையில் கட்டி, மழை படாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நிலாம் நானாவின் ஆட்டோவில் மூன்று பேரும் போனோம்.

பொலிஸ் நிலையத்தில் என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். அவர்கள் இருவரும் கேற்றுக்கு வெளியே ஒரு குடைக்குள் நின்றார்கள். பொறுப்பதிகாரி ஐம்பது வயதைத் தொட்ட ஆள். மூன்று நாள் தூக்கம் இல்லாதவர்போலக் கண் சிவந்திருந்தது. துரையின் கடிதத்தைப் படித்துவிட்டு மேசையில் ஒரு பக்கமாகத் தள்ளினார்.

"யோகராஜ் என்று ஒருவன் உங்கள் தோட்டத்தில் பிறந்திருக்கிறான். சரி. ஆனால் நான் பிடித்து வைத்திருப்பவன் யோகராஜ்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று சிங்களத்தில் கேட்டார். "கடை முதலாளிக்கு டெலிபோன் செய்தேன். அவர் கடையில் யோகராஜ் என்று யாரும் இல்லையாம். வசந்தன்தான் இருக்கிறானாம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலாம். சின்ன வயதில் இடம்பெயர்ந்து வந்தவனாம்."

பிறகு மேசை லாச்சியைத் திறந்து எட்டாக மடித்த ஒரு பெரிய தாளை விரித்தார். "இது அவன் பையில் இருந்தது. இது என்ன?"

அந்தத் தாளை எனக்குத் தெரியும். அந்தக் கலர்ப் பேனைகளையும் தெரியும். அதை வரைய இடம் கொடுத்தவனே நான்தான்.

சித்திரை வருடப் பிறப்புக்குக் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் எல்லாரும் லீவில் வந்திருந்த சமயம் அது. பல்கலைக்கழகத்திலிருந்து தாட்சாயினி மிஸ் என்பவர் ஆய்வு செய்ய வந்தார். யாழ்ப்பாணத்து மனுசி, முப்பத்தைந்து வயது இருக்கும், மெல்லிய குரல். ஊரைவிட்டு வேலைக்குப் போன இளம்பிள்ளைகள் தங்களை யாராக நினைக்கிறார்கள் என்பதுதான் ஆய்வாம். எனக்குச் சிரிப்பு வந்தது. தோட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் ஒரு பைல், ஒரு பெட்டி பிஸ்கட், நூறு கேள்வி என்றுதான் வருவார்கள். எத்தனை பேர் குடிக்கிறீர்கள், கக்கூஸ் இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டு போனால் திரும்பி வரமாட்டார்கள். இவர் கேள்வித்தாள் எதுவும் கொண்டுவரவில்லை. "கேள்வியை நாங்களே கேட்டால் பதிலையும் நாங்களே சொல்லுற மாதிரித்தான் தம்பி. அவையளே வரையட்டும், அவையளே விளக்கட்டும்" என்றார். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவைத் திறந்து கொடுத்தேன். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

எட்டுப் பேர் தரையில் உட்கார்ந்து வரைந்தார்கள். 'நீங்கள் எந்த இடத்து ஆள் என்று உலகத்துக்குக் காட்ட விரும்புகிறீர்களோ, அந்த இடத்தை வரையுங்கள்' என்பதுதான் அவர் சொன்னது. சொந்தப் பெயரை எழுத வேண்டாம், பிடித்த வேறு ஒரு பெயரைப் போடுங்கள், அதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு என்றும் சொன்னார். முடிந்த பிறகு எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தை வரைந்தவர்களிடமே கொடுத்துவிட்டார். உங்கள் படம் உங்களுக்கே சொந்தம் என்றார். பிள்ளைகளுக்கு அது பெரிய மரியாதையாக இருந்தது.

அந்த மரியாதைதான் இப்போது பொறுப்பதிகாரியின் மேசையில் கிடந்தது. மூலையில் வசந்தன் என்று கையெழுத்து. நடுவில் கொக்குவில் என்று பெரிதாகத் தலைப்பு. ஸ்டேசன், கோயில், பள்ளிக்கூடம், வீடு, பாலம். ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்திலும் யாரோ பென்சிலால் சிங்களம் எழுதியிருந்தார்கள்.

"பொய்ப் பெயர். வடக்கு ஊரின் வரைபடம். பாலமும் ஸ்டேசனும் குறித்திருக்கிறது. அடையாள அட்டை கிடையாது. நீ என் கதிரையில் இருந்தால் என்ன செய்வாய்?" என்றார் அதிகாரி. நடந்ததைச் சொன்னேன். "அப்படியானால் அந்த மிஸ் வந்து சொல்லட்டும். நாளைப் பகல் பன்னிரண்டுக்குக் கொழும்பிலிருந்து ஜீப் வரும். ஏற்றிவிட்டால் பிறகு என் கையில் எதுவும் இல்லை."

கொழும்புக்கு ஏற்றினால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். குருவிட்டப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒன்றைக் கொண்டுபோய்ப் பதினான்கு மாதம். எந்தச் சிறை என்று கண்டுபிடிக்கவே நான்கு மாதம் ஆயிற்று.

வெளியே வந்தபோது ஐயாவு அண்ணன் என் முகத்தைத்தான் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது, முகம் படிக்கத் தெரியும்.

"என்னாங்க தம்பி சொல்றாங்க?"

"ஏதோ படம் வரைஞ்சு வச்சிருந்தானாம். அந்த ஆராய்ச்சி மிஸ் வந்து சொன்னா சரியாப் போயிரும்."

"படத்துக்கா புடிச்சு வச்சிருக்காங்க?" என்று அழகம்மாக்கா கேட்டார். ரொட்டிப் பொட்டலத்தை உள்ளே வாங்கவில்லை. திரும்பி வரும்போதும் அது அவர் நெஞ்சோடுதான் இருந்தது.

தாட்சாயினி மிஸ்ஸுக்கு நிலாம் நானாவின் போனிலிருந்தே பேசினேன். நடந்த எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் குடுத்த பாதுகாப்புத்தான் அவனைப் பிடிச்சுக் குடுத்திருக்கு, என்ன?" என்றார் கடைசியில். "காலமை முதல் பஸ்சில வாறன்."

"மிஸ், நீங்க யாழ்ப்பாணம். உங்களையும்..."

"தெரியும் தம்பி. வாறன்."

உண்மையைச் சொல்கிறேன், அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். படித்த சனத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் வியாழன் காலை எட்டே முக்காலுக்கு வரக்காப்பொல வழியாக வந்த பஸ்ஸிலிருந்து சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினார். மூன்று இடத்தில் இறக்கிச் சோதித்தார்களாம். கையில் ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு பக்கக் கடிதம் இருந்தது.

ஐயாவு அண்ணனையும் அழகம்மாக்காவையும் நிலாம் நானாவின் ஆட்டோவில் இருக்கச் சொல்லிவிட்டு, கடையோரத்தில் நின்று கடிதத்தை வாசித்தேன். அதில் எல்லாம் இருந்தது. புடவைக் கடையில் தோட்டத்துப் பிள்ளைகளைக் கூட்டவும் துடைக்கவும் பெட்டி தூக்கவும்தான் விடுவார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குத்தான் கவுண்டரில் நின்று விற்கிற வேலை. அதற்காக யோகராஜ் வசந்தனாக மாறியிருக்கிறான். வாடிக்கையாளர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு யாழ்ப்பாணப் பேச்சைப் பழகியிருக்கிறான். போகாத ஊரைச் சொந்த ஊராக்கி, படத்தையும் அப்படியே வரைந்து, வரைந்த பிறகு மிஸ்ஸிடம் மட்டும் தனியாக ஒப்புக்கொண்டிருக்கிறான். வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். வாசிக்கத் தெரிந்த தங்கை கண்ணில் படக்கூடாது என்றுதான் படத்தைக் கொழும்புக்கும் வீட்டுக்கும் பையிலேயே சுமந்து திரிந்தானாம்.

"படத்தைப் பார்த்த உடனேயே எனக்குத் தெரியும் தம்பி" என்றார் மிஸ். "கொக்குவிலுக்கு நடுவில ஆறு ஓடுது. கோயிலுக்கு மலையில படி ஏறுது. எங்கடை ஊரில மலையும் இல்லை, ஆறும் இல்லை. மாரியில வெள்ளம் ஓடுற வாய்க்கால்தான். தண்ணியெண்டால் கிணறுதான். ஆறு இல்லாத ஊர் ஒண்டு இருக்கும் எண்டு அந்தப் பிள்ளைக்கு நினைக்கவே தெரியேல்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிழையெண்டு நான் சொல்லேல்லை. அவையள் வரைஞ்சதைத் திருத்தக்கூடாது எண்டுதான் எங்களுக்குப் படிப்பிச்சது."

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. தன் தகப்பன் ஓர் ஆசிரியர் என்று அவன் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறான், படத்திலும் அப்படியே வரைந்திருக்கிறான் என்று. அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது. ஆட்டோவுக்குள் ஐயாவு அண்ணன் சால்வைத் துண்டால் மனைவியின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

இந்த முறை எல்லாரையும் உள்ளே விட்டார்கள். அதிகாரி மிஸ்ஸின் அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தைப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பிக் கொடுக்காமல் மேசையிலேயே தன் கைக்குக் கீழே வைத்துக்கொண்டார். மிஸ் அதைப் பார்த்தார். யோகராஜைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கீழுதடு வீங்கியிருந்தது. அழகம்மாக்கா ஒரு சத்தம் போட்டார். ஐயாவு அண்ணன் அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். பிள்ளை தகப்பனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வாசி" என்றார் அதிகாரி என்னிடம்.

ஆங்கிலத்தைச் சிங்களமாக்கி வாசித்தேன். மிஸ்ஸுக்குச் சிங்களம் அரைகுறை. ஐயாவு அண்ணனுக்கோ நல்ல சிங்களம். ரப்பர் நாட்டில் பிறந்தவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான். ஒவ்வொரு வாக்கியமும் அவர் காதில் விழுவதை நான் பார்க்காமலே உணர்ந்தேன். பெயரை மாற்றிக்கொண்டான் என்று வாசித்தேன். ஊரை மாற்றிச் சொன்னான், அந்த ஊரில் ஆறே கிடையாது என்று வாசித்தேன். அந்த ஒரு வரி வந்தபோது அதைத் தாண்டிவிட்டேன். ஒரு மனிதனை அவ்வளவு பேருக்கு நடுவில் நிறுத்தி, உன் மகன் உன்னையே மாற்றிவிட்டான் என்று எப்படிச் சொல்வது? என் வாயால் வரவில்லை.

அதிகாரி படத்தை மறுபடி விரித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நான் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையில் ஒன்றரை வருடம் இருந்தேன்" என்றார். "ஆறு இல்லைதான். கிணற்றில் அள்ளித்தான் குளித்தோம்." விரலால் நீலக் கோட்டைத் தொட்டார். "அப்படியானால் இது எது?"

ஐயாவு அண்ணன் எட்டி நின்றபடியே பார்த்தார். "அது எங்க ஓடைங்க மாத்தயா" என்றார் சிங்களத்தில். "அந்தா வளையுற எடத்துல வட்டமா இருக்கே, அது வாளி கழுவுற கல்லு."

யோகராஜ் தலையை இன்னும் தாழ்த்தினான்.

அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். பத்தடித்துக் கால் மணி ஆகியிருந்தது. சார்ஜனைக் கூப்பிட்டார். "இதை எடுத்துக்கொண்டு போ. படத்தில் இருக்கிற ஒவ்வொன்றும் அங்கே இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டு வா. ஒன்று பிசகினாலும் நான் பொறுப்பில்லை. பன்னிரண்டுக்கு ஜீப் வந்தால் நான் காத்திருக்கச் சொல்லமாட்டேன்." மிஸ்ஸைப் பார்த்து, "இவர் இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

மிஸ் சுவரோர வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார்.

சார்ஜன் முன்னுக்கு, நாங்கள் மூன்று பேரும் பின்னுக்கு நெருக்கிக்கொண்டு ஏறினோம். நிலாம் நானா ஆட்டோவை விரட்டிய விரட்டில் ஒவ்வொரு குழியிலும் குடல் வாய்க்கு வந்தது. தோட்டத்து மேட்டு ரோட்டில் மழைத் தண்ணீர் எதிரே ஓடி வந்தது. பாதி வழியில் டயர் சுழன்று நின்றுவிட, இறங்கித் தள்ளினோம். சார்ஜனும் தள்ளினார். நல்ல மனிதர்தான், தொந்திதான் கொஞ்சம் பெரிது.

முதலில் ஓடை. மழையில் பொங்கிச் செம்மண் நிறத்தில் ஓடியது. வளையும் இடத்தில் கல் முதுகு மட்டும் தெரிந்தது. சார்ஜன் எழுதினார். அடுத்தது பாலம். படத்தில் இரண்டு கோடு, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். இங்கேயும் கித்துள் மரம் இரண்டைப் போட்டு ஒரு பக்கம் மட்டும் கம்பி கட்டியிருந்தது. எழுதினார். ஸ்டேசன் எங்கே என்றார். அழகம்மாக்கா பிரட்டுக் களத்துத் தகரக் கொட்டகையைக் காட்டினார்.

"ரயில் எங்கே?" என்றார் சார்ஜன்.

"ரயில் இல்ல மாத்தயா. மணி இருக்கு" என்றார் அழகம்மாக்கா. படத்திலும் கூரைக்குக் கீழே ஒரு மணி தொங்கியது. சார்ஜன் ஒரு கணம் யோசித்துவிட்டு எழுதினார்.

கோயில் படிகளை அவர் எண்ணியே பார்த்தார். முப்பத்திரண்டு. படத்தில் எத்தனை கோடு என்று நனையாமல் குடைக்குள் வைத்து நான் எண்ணினேன். ஒன்றுக்கு இரண்டு தரம் எண்ணினேன். முப்பத்திரண்டு. இந்தப் பயல் யாழ்ப்பாணத்தை வரைகிறேன் என்று உட்கார்ந்து, தான் ஓடி விளையாடின படியைக்கூட ஒன்று குறைக்கவில்லையே. அட்டைப்பூச்சி ஏறி சார்ஜனின் காற்சட்டையில் இரத்தம் கசிந்தது. அழகம்மாக்கா குனிந்து தேசிக்காய்த் துண்டால் தேய்த்து எடுத்துவிட்டார். மணி பதினொன்று இருபது.

படத்தில் பள்ளிக்கூடம் என்று எழுதியிருந்த நீளக் கட்டடம் எங்கள் லயம். பன்னிரண்டு கதவு. படத்திலும் பன்னிரண்டு. கடைசிக் கதவுதான் வீடு. உள்ளே போய்ச் சார்ஜன் பலகையில் உட்கார்ந்தார். அடுப்பு எரியவில்லை. நேற்றிலிருந்து யாரும் சமைத்ததாகத் தெரியவில்லை.

"எல்லாம் சரி" என்றார் சார்ஜன். பேனையை மூடப் போனவர் நின்றார். படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். வீட்டுக்குள் வரைந்திருந்த ஆளைப் பார்த்தார். வெள்ளை வேட்டி, மூக்குக்கண்ணாடி, கையில் புத்தகம். பக்கத்தில் பென்சிலில் இருந்த சிங்களத்தைச் சத்தமாக வாசித்தார்.

"தகப்பன். ஆசிரியர்." ஐயாவு அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். தீபாவளிச் சட்டை சேறாகி உடம்போடு ஒட்டியிருந்தது. கால் வெறுங்கால். "நீ ஆசிரியரா?"

தகரத்தில் மழை கொட்டியது. ஐயாவு அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் காலையில் வாசிக்காமல் தாண்டிவிட்ட வரி இதுதான் என்று அவருக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. கூசிப்போய் நின்றேன். இரக்கப்பட்டு மறைத்தேன். அந்த இரக்கம் இப்போது பிள்ளையைக் கொழும்புக்கு ஏற்றிவிடும் போலிருந்தது.

"இல்ல மாத்தயா. இது கடிதத்துல இருக்கு. நான்தான் வாசிக்கல" என்று தொடங்கினேன்.

"அதிகாரி கேட்டபோது ஏன் சொல்லவில்லை? இப்போது சேர்க்கிறாயா?" சார்ஜனின் குரல் மாறிவிட்டது. "ஒன்று பிசகினாலும் என்று அவர் சொன்னதை நீயும்தானே கேட்டாய்?" எழும்பித் தொப்பியை எடுத்தார்.

அழகம்மாக்கா வாசலில் போய்க் குறுக்கே நின்றுவிட்டார். "எம்புள்ளய கொண்டுபோயிருவாங்க மாத்தயா. பாத்து எழுதுங்க மாத்தயா."

"அந்தப் படத்தக் கொஞ்சம் காட்டுங்க" என்றார் ஐயாவு அண்ணன்.

அதுவரை அவர் அதைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். அந்தக் கண்ணாடிக்கார ஆளை வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. யாரோ தெரிந்தவரைத் தூரத்தில் கண்டு, அவர்தானா என்று நிதானிப்பவரைப்போல் பார்த்தார்.

"ஏ மம தமய், மாத்தயா" என்றார். அது நான்தான்.

சார்ஜன் கோபத்தில் சிரித்தார்.

"புத்தகத்தப் புடிச்சிருக்கிற கைய பாருங்க" என்றார் ஐயாவு அண்ணன். தன் இடது கையை விரித்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

அவருக்கு இடது கைச் சுண்டு விரல் பாதிதான். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் ரப்பர் சீற் அழுத்துகிற ரோலரில் போனது. எங்களுக்கெல்லாம் பழகிப்போய் அதைக் கண் காண்பதே இல்லை. படத்தில் வாத்தியாரின் கையிலும் நான்கு விரல் நீளமாக இருந்தது. ஐந்தாவது ஒரு மொட்டு. அதற்கு நகம்கூட வரைந்திருக்கவில்லை.

சார்ஜன் படத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். அந்த மொட்டு விரலைத் தன் பேனை முனையால் மெல்லத் தொட்டும் பார்த்தார். பிறகு உட்கார்ந்து நீளமாக எழுதினார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு தாண்டியிருந்தது. கொழும்பு ஜீப் வந்து நின்றது. டிரைவர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். யோகராஜை வாசல் வரை கொண்டுவந்திருந்தார்கள். அதிகாரி சார்ஜனின் எழுத்தை நின்றபடியே வாசித்தார். படத்தை ஒரு தரம் பார்த்தார், ஐயாவு அண்ணனின் கையை ஒரு தரம் பார்த்தார். ஜீப்பை அனுப்பிவிட்டார். மிஸ்ஸின் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அதை வாங்கும்போதுதான் மிஸ் அழுதார்.

ஒவ்வொரு ஞாயிறும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார்கள். படத்தைத் திருப்பித் தரவில்லை. வாக்குமூலம் எழுதும்போது அதிகாரி, பிழை இனி வரக்கூடாது என்பதற்காகவோ என்னவோ, யோகராஜையே வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். பெயர் என்ன, ஊர் எது, தகப்பன் யார், என்ன தொழில்.

"யோகராஜ். தெல்கஸ்தென்னைத் தோட்டம்." கொஞ்சம் நிறுத்தினான். "அப்பா பேர் ஐயாவு. பால் வெட்டுறவரு."

"சத்தமாக."

"எங்கப்பா பால் வெட்டுறவருங்க."

ஐயாவு அண்ணன் பக்கத்தில் நின்று, கைகட்டி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடை வேலை போய்விட்டது. பொய் சொன்ன பிள்ளையை இனி வைத்துக்கொள்ள ஏலாது என்று முதலாளி அன்று பின்னேரமே போனில் சொல்லிவிட்டாராம். மிஸ் அந்தப் பிரதிகளைக் கிழித்துவிடுவதாகச் சொன்னார். பஸ் வரும்வரை நிலாம் நானா வாங்கிக் கொடுத்த பிளேன்டீயைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார், குடிக்கவில்லை. வீட்டுக்குப் போன யோகராஜ் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அழகம்மாக்கா அன்று இரண்டு தரம் சமைத்தார்.

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. பிரட்டில் நான் பெயர் கூப்பிட்டேன். கங்காணி மரத்தைத் தடவிப் பார்த்துச் சரி என்றார். சனம் வாளியும் கத்தியுமாக மலைக்குக் கிளம்பியது. ஐயாவு அண்ணன் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, நான் அந்த வரிய வாசிக்காம விட்டது தப்பு" என்றேன். "ஆனா கடைசியில அவனே வாய் தொறந்து ஒத்துக்கிட்டான் பாத்தீங்களா? எங்கப்பா பால் வெட்டுறவருன்னு. அது போதும் இல்லையா?"

அவர் கத்தியின் வாயைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"அது பொலிசுக்குப் பயந்து சொன்னது தம்பி" என்றார். "ஆசப்பட்டு எழுதுனது அந்தப் படத்துலதான்."

வாளியைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்றாம் மலைக்கு ஏறிப் போனார்.